வழி தவறி வந்த நாய், ஸ்கேனரில் சிப் காட்டவில்லை. உரியவரை எப்படித் தேடுவது?

வாசல்திண்ணை (கேள்வி)

வணக்கம். நேத்து சாயங்காலத்துல இருந்து ஒரு நாய் எங்க வாசல்லயே படுத்திருக்கு. நடுத்தர உயரம், பழுப்பு நிறம், பெண். கழுத்துல நைஞ்சுபோன பட்டை இருக்கு, பெயர்த் தகடு இல்ல. கூப்பிட்டா வருது, கையைத் தூக்கினா மட்டும் பதுங்குது. உடம்பு மெலிஞ்சிருக்கு, வால் பக்கம் முடி சடை பிடிச்சிருக்கு. கால்நடை மருத்துவர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். உரியவரைக் கண்டுபிடிக்க தோலுக்கு அடியில போடுற எண் சிப் இருக்கான்னு ஸ்கேனரை முதுகுல ஒரு தடவை காட்டிட்டு, சிப் இல்லைன்னுட்டாங்க.

ஒண்ணு, அது முடிவான பதிலா? ரெண்டு, படத்தைப் போட்டா "என் நாய்தான்"னு யார் வேணா வரலாமே, உண்மையான ஆளை எப்படிக் கண்டுபிடிக்கிறது? மூணு, பார்க்கிறவங்க எல்லாரும் "யாரோ அடிச்சுத் துரத்தியிருக்காங்க, நீங்களே வச்சுக்கோங்க"ங்கிறாங்க. அது சரியா? வீட்டுல ஏற்கெனவே ஒரு நாய் இருக்கு, அதையும் மனசுல வச்சுச் சொல்லுங்க.

நாலுகால்

முதலில் உங்கள் வீட்டு நாய். இரண்டையும் இப்போது சேர்க்காதீர்கள். தனி அறை, தனித் தட்டு, தனி விரிப்பு. புதிய நாயைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே உங்கள் நாயைத் தொடுங்கள். நாய்க்கு நாய் தொற்றும் பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற கொடிய நோய்கள் உடம்புக்குள் வந்த பிறகும் சில நாட்கள் வெளியே எதையும் காட்டாது. 14 நாட்கள் பிரித்து வைப்பது நல்லது. புதிய நாயின் பல்லோ நகமோ உங்கள் தோலைக் கீறிவிட்டால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். சாதுவான நாய்தானே என்று தள்ளிப்போட வேண்டாம்.

இப்போது சிப். ஒரு தடவை காட்டிவிட்டு "இல்லை" என்று சொன்னதை நான் பதிலாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன். சிப் என்பது 12 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் தடிமன் உள்ள கண்ணாடிக் குப்பி. ஒரு நெல்மணி அளவுதான். உள்ளே கம்பிச் சுருளும் ஒரு சில்லும் உண்டு, பேட்டரி கிடையாது. ஸ்கேனரின் காந்தப்புலம் அந்தச் சுருளுக்குள் பாயும்போதுதான் அதற்கு உயிர் வந்து தன் எண்ணைத் திருப்பி அனுப்பும். எட்டும் தூரம் சில சென்டிமீட்டர்தான். சுருள் ஸ்கேனருக்கு ஏடாகூடமான கோணத்தில் கிடந்தால் அதுவும் பாதியாகிவிடும். கையை வேகமாக வீசினால் படிக்க நேரம் இருக்காது. அடர்ந்த முடி, பட்டையில் உள்ள உலோகக் கொக்கி, கீழே இரும்பு மேசை, பக்கத்தில் கணினித் திரை, இறங்கிப்போன ஸ்கேனர் பேட்டரி, இதில் எது இருந்தாலும் சிப் கண்ணில் படாமல் போகலாம்.

இன்னொன்று, சிப் போட்ட இடத்திலேயே இருக்கும் என்று சொல்ல முடியாது. தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே, தோலுக்கு அடியில் போடுவார்கள். சில விலங்குகளில் அது நகர்ந்து தோள்பட்டையின் பக்கவாட்டுக்கோ, முன்னங்கால் முழங்கை வரைக்குமோ, மார்புக்கோ இறங்கிவிடும்.

மறுபடி போங்கள், வேறு இடத்துக்குப் போனால் இன்னும் நல்லது. 125, 128, 134.2 கிலோஹெர்ட்ஸ் மூன்றையும் படிக்கும் ஸ்கேனரா என்று கேளுங்கள். இப்போதைய ஐஎஸ்ஓ (சர்வதேச) தரச் சிப் 134.2-ல் பேசும். பழைய வகைகள் மற்ற இரண்டில் பேசும், ஒன்றை மட்டும் படிக்கும் கருவிக்கு மற்றவை காதில் விழாது. பட்டையைக் கழற்றச் சொல்லுங்கள். ஸ்கேனர் முடியைத் தொட்டபடி இருக்க வேண்டும். தோள்பட்டை நடுவில் தொடங்கி, பாம்பு ஊர்வதுபோல் இடமும் வலமும் வளைத்து மெதுவாக இடுப்பு வரை. பிறகு கழுத்தின் இரு பக்கம், இரண்டு தோள், முன்னங்கால்கள் முழங்கை வரை, மார்பின் அடிப்பக்கம். இதையே கருவியைக் கால்வட்டம் திருப்பிப் பிடித்து இரண்டாம் முறை. ஓரிரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. வெட்கப்படாமல் "இன்னொரு தடவை, கால் வரைக்கும் பார்த்துவிடுங்கள்" என்று கேளுங்கள். அந்த ஒரு வாக்கியத்தால் நாய் வீடு போய்ச் சேரலாம்.

எண் வந்தால் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கையால் மட்டும் எழுதாதீர்கள். 15 இலக்கத்தில் ஒன்று மாறினாலும் வேறு விலங்கின் கணக்குக்குப் போய்விடும். முதல் மூன்று இலக்கம் நாட்டைக் குறிக்கும், அல்லது 900-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் தயாரிப்பாளரைக் குறிக்கும். 981 டேட்டாமார்ஸ், 977 ஆவிட், இந்த மாதிரி. 9 அல்லது 10 இலக்கம் மட்டும் வந்தால் பழைய வகைச் சிப், அதுவும் செல்லும். எண்ணுக்குள் உரியவரின் பெயரோ முகவரியோ கிடையாது, இருக்கும் இடத்தையும் அது காட்டாது. பெயர் இருப்பது, சிப் எண்ணோடு உரியவரின் விவரத்தைப் பதிந்து வைக்கும் பதிவேட்டில். தயாரிப்பாளரின் பதிவேட்டில் இல்லையென்றால் வேறொரு பதிவேட்டில் இருக்கக்கூடும், ஒன்றோடு நிறுத்தாதீர்கள்.

ஸ்கேனரைத் தவிரவும் பார்க்க வேண்டியவை உண்டு. பட்டையைத் திருப்பி உள்பக்கம் பாருங்கள், பேனாவால் எழுதிய தொலைபேசி எண் வெளுத்துப்போயிருக்கலாம். சாய்வாக டார்ச் அடித்தால் அழுத்தம் தெரியும். காது மடலின் உள்பக்கமும் பின்தொடையின் உள்பக்கமும் பச்சை குத்தியிருக்கிறதா என்று பாருங்கள். பட்டையில் தடுப்பூசித் தகடு இருந்தால் அதில் உள்ள வரிசை எண்ணை வைத்து அதைப் போட்ட மருத்துவமனை ஆளைச் சொல்லிவிடும்.

தெருவிளக்கு

உங்க மூணாவது கேள்விக்கு முதல்ல வர்றேன், ஏன்னா அதுலதான் நிறைய நாய் வீட்டுக்குப் போகாம நின்னுடுது. மெலிஞ்சிருக்கு, சடை பிடிச்சிருக்கு, கையைத் தூக்கினா பதுங்குது, இதை வச்சு "அடிச்சிருக்காங்க, விரட்டிட்டாங்க"ன்னு முடிவு பண்ணாதீங்க. ரெண்டு மூணு வாரம் வெளியில சுத்தின எந்த நாயும் இப்படித்தான் இருக்கும். அதுக்கு முன்னாடி தினமும் சீவி விட்டு, கட்டில்ல படுக்க வச்சு வளர்த்திருக்கலாம். பதுங்குறது கூச்ச சுபாவமா இருக்கலாம், இல்ல தெருவுல யாரோ கல்லெறிஞ்சதால வந்ததா இருக்கலாம். அந்த நேரத்துல ஒரு வீட்டுல யாரோ தூங்காம தேடிட்டு இருப்பாங்க. அதை மறந்துட்டு நாமளே வச்சுக்கிறது நல்ல மனசுல செய்யுற பெரிய தப்பு. எத்தனை நாள் வச்சிருக்கணும், யார்கிட்ட தகவல் சொல்லணும்ங்கிறது ஊருக்கு ஊர் சட்டம் மாறும். உள்ளாட்சி அலுவலகத்துலயும் பக்கத்துக் காப்பகத்துலயும் "இப்படி ஒரு நாய் என்கிட்ட இருக்கு"ன்னு இன்னிக்கே பதிஞ்சிடுங்க. உரியவர் முதல்ல தேடிப் போற இடம் அதுதான்.

அறிவிப்பு. ஏ4 தாள்ல பொடி எழுத்துல கதை எழுதி ஒட்டினா வண்டியில போறவங்க கண்ணுல படாது. ஏ3-க்குக் குறையாம, பளிச்சுன்னு ஒரு நிறத் தாள். மேலே "நாய் கிடைத்தது", நடுவுல படம், கீழே தொலைபேசி எண், அவ்வளவுதான். பத்தடி தள்ளி நின்னு அஞ்சு எண்ணுறதுக்குள்ள நீங்களே படிக்க முடியுதான்னு பாருங்க. மையில அச்சடிச்சா மழையில கரைஞ்சிடும், பிளாஸ்டிக் உறைக்குள்ள போட்டு திறந்த வாய் கீழ்ப்பக்கம் வர்ற மாதிரி ஒட்டுங்க. மேல் பக்கம் வச்சா தண்ணி உள்ள இறங்கி ஒரே ராத்திரியில படம் ஊறிப்போகும். நாய் கிடைச்ச இடத்தைச் சுத்தி இருக்கிற சந்திப்புகள்ல முதல்ல ஒட்டி, அப்புறம் ஒண்ணு ரெண்டு கிலோமீட்டர் தள்ளிப் போங்க. மருத்துவமனை, தீவனக் கடை, பள்ளிக்கூட வாசல் விட்டுடக் கூடாது. தபால் கொடுக்கிறவர், பால் போடுறவர், குப்பை எடுக்கிறவங்ககிட்டயும் படத்தைக் காட்டுங்க. எந்த வீட்டுல எந்த நாய்னு அவங்களுக்கு மனப்பாடம்.

இணையத்துல போடுறதோட நிக்காம, மத்தவங்க போட்ட "காணவில்லை" பதிவுகளையும் தேடுங்க. ஒரு மாசம் பின்னாடி வரைக்கும் போய்ப் பாருங்க. இனத்தோட பெயரை நம்பாதீங்க. நீங்க பழுப்புன்னு சொல்றதை அவங்க செம்மைன்னு எழுதியிருப்பாங்க, கலப்பினத்தை ஆளுக்கொரு பெயர் சொல்வாங்க. எழுத்தை விட்டுட்டுப் படத்தைப் பாருங்க. காது மடிப்பு, மார்புல வெள்ளை எங்க தொடங்குது, மூக்குல புள்ளி, இதெல்லாம் மாறாது.

உரிமை கோரி வர்றவங்க. படம் எடுக்கும்போதே முகமும் ஒரு பக்கமும் மட்டும் வர்ற மாதிரி எடுங்க. ஆணா பெண்ணா, கருத்தடை ஆயிருக்கா, பட்டை என்ன நிறம், எங்க தழும்பு, இதுல எதையும் பதிவுல எழுதாதீங்க. பட்டையைக் கழட்டிட்டுத்தான் படம். அழைக்கிறவங்ககிட்ட நீங்க விவரம் சொல்லாம கேள்வியா கேளுங்க. "காலெல்லாம் வெள்ளையா?"ன்னு கேட்டா ஆமான்னுடுவாங்க, "கால் எப்படி இருக்கும்?"னு கேளுங்க. பழைய படங்கள் கேளுங்க, வெவ்வேறு காலத்துல, வீட்டுக்குள்ள எடுத்ததா. தடுப்பூசி அட்டை, சிப் போட்ட ரசீது இருந்தா இன்னும் நல்லது. ஒரே ஒரு படம், அதுவும் நீங்க போட்ட படத்தையே வெட்டி அனுப்பினா அங்கேயே நிறுத்திடுங்க.

நாய் வாலாட்டுறதை மட்டும் சாட்சியா எடுத்துக்காதீங்க. சில நாய் எல்லாரையும் பார்த்து ஆட்டும். சில நாய் பயத்துல, சொந்தக்காரங்களையே ஒரு நிமிஷம் அடையாளம் தெரியாம நிக்கும். காத்து அவங்க பக்கத்துல இருந்து நாய் பக்கம் வீசுற மாதிரி நிக்கச் சொல்லுங்க, வாசனை வந்ததும் மாற்றம் தெரியும்.

ஏமாத்து வேலை ரெண்டு. "நீங்க நிஜ ஆளான்னு பார்க்க ஒரு குறியீடு அனுப்புறேன், சொல்லுங்க"ன்னு கேட்டா சொல்லவே கூடாது, உங்க எண்ணை வச்சு அவங்க கணக்கு திறக்கிறதுக்கு அது. இன்னொண்ணு தொலைச்சவங்களுக்கு வர்றது: "உங்க நாய் என்கிட்டதான் இருக்கு, பணம் அனுப்புங்க". வீடியோ அழைப்புல நாயைக் காட்டச் சொல்லுங்க. முடியாதுன்னா நாய் அங்க இல்ல.

பின்வாசல்

இதோடு என் கேள்வியையும் சேர்த்துக் கேட்டுவிடுகிறேன். எங்கள் பக்கம் போஸ்டர் ஒட்டித் தேடிக்கொண்டிருக்கும் நாய் ஒன்று பின்பக்க மைதானத்தில் நிற்கிறது. அதே நாய்தான், ஐயமில்லை. யார் போனாலும் ஓடுகிறது. நாலைந்து பேர் சேர்ந்து வளைத்தால் பிடித்துவிடலாமா?

நாலுகால்

தயவுசெய்து வளைக்காதீர்கள். பயத்தில் இருக்கும் நாய் ஓடுவது என்று முடிவு செய்துவிட்டால் எதிரே சாலை இருக்கிறதா, ரயில் வருகிறதா என்று பார்க்காது. ஒரு தடவை துரத்திவிட்டால், இதுவரை பாதுகாப்பான இடம் என்று நினைத்து நின்ற அந்த மைதானத்தையும் விட்டுவிடும். அப்புறம் எங்கே தேடுவது?

உடனே உரியவரை அழையுங்கள், ஆனால் வந்ததும் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். இதுவரை எத்தனையோ பேர் "வா வா" என்று கத்தியபடியே துரத்தியிருப்பார்கள். அந்தச் சத்தமே இப்போது அதற்கு ஆபத்தின் அடையாளம். நாய் இருக்கும் பக்கம் நேராக நடக்காமல், வேறு எங்கோ போகிறவர்போல் சாய்ந்து நடந்து வந்து, தூரத்திலேயே பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார வேண்டும். கண்ணைப் பார்க்கக் கூடாது. பொட்டலத்தைச் சலசலக்க வைத்து, தானே தின்பதுபோல் பாவனை செய்து, துண்டுகளைக் கையை ஓங்காமல் தரையோடு உருட்டிவிடலாம். நாய் கிட்டே வந்தாலும் எட்டிப் பிடிக்கக் கூடாது, அது உடம்பில் உரசி நிற்கும்வரை பொறுக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஆகலாம். சாதுவான வேறொரு நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் சில நாய்கள் அதைப் பார்த்து நெருங்கி வரும்.

வரவில்லை என்றால் அதே இடத்தில், தினமும் அதே நேரத்தில், வாசனை தூக்கலான உணவையும் தண்ணீரையும் வைத்துவிட்டு விலகிவிடுங்கள். உரியவர் போட்டுக் கழற்றிய, துவைக்காத சட்டை ஒன்றையும் பக்கத்தில் போடலாம். இரண்டு மூன்று நாளில் அது வேளை தவறாமல் வரத் தொடங்கும். அதன் பிறகுதான் கூண்டுப் பொறி. நாய் முழுதாக உள்ளே போன பிறகு கதவு விழும் நீளம் வேண்டும், குறைவாக இருந்தால் முதுகில் விழும், பிறகு அந்தக் கூண்டுப் பக்கமே வராது. அழுத்துத் தட்டைத் தாண்டிக் கடைசி மூலையில் உணவு. முதல் ஓரிரு நாள் கதவைத் தூக்கிக் கட்டிவைத்து, உள்ளே போய்த் தின்று வரப் பழக்குங்கள். பொறியை விரித்துவிட்டு ஊருக்குப் போய்விடக் கூடாது, வெயிலோ மழையோ அடைபட்ட உயிர் தாங்காது.

பிடித்த பிறகும் கவனம் வேண்டும். மெலிந்த நாய் பின்னோக்கி இழுத்தால் பட்டை தலை வழியே கழன்றுவிடும். சுருக்குக் கயிற்றைக் காதுக்குப் பின்னால், கழுத்தின் மேல்பகுதியில் போட்டு, கூடவே மார்புப் பட்டையும் மாட்டுங்கள். வண்டியின் கண்ணாடி நாலும் ஏறியிருக்கட்டும், வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகே கயிற்றை விடுங்கள்.

மீசைமுடி

பூனைக்குத் தேடி இந்தப் பக்கம் வருகிறவர்களும் இருப்பார்கள், அவர்களுக்காகச் சுருக்கமாக. நாய்க்குச் சொன்னது பூனைக்கு அப்படியே பொருந்தாது. வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனை வெளியே விழுந்தால் ஓடாது, ஒளிந்துகொள்ளும், கூப்பிட்டாலும் குரல் கொடுக்காது. தொலைந்த 1,210 பூனைகளைப் பற்றி 2018-ல் வெளியான ஆய்வில், கிடைத்த பூனைகளில் முக்கால்வாசி தப்பித்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்தான் இருந்தன, சரிபாதிக்கு 50 மீட்டர்கூட இல்லை. உயிரோடு திரும்பியது முதல் ஏழு நாளில் 34 சதவீதம். ஆகவே ஊர் முழுக்கச் சுற்றும் முன் பக்கத்து வீடுகளின் படிக்கட்டுக்கு அடி, மோட்டார் அறை, மர அடுக்கு, தண்ணீர்த் தொட்டி மேடை எல்லாவற்றையும் நீங்களே குனிந்து பாருங்கள். "பார்த்தா சொல்லுங்க" என்று அண்டை வீட்டில் சொல்லிவிட்டு வருவது தேடுவதாகாது. ஊர் அடங்கிய பிறகு டார்ச்சை உங்கள் கண்மட்டத்தில், நெற்றிப் பக்கம் பிடித்து இருட்டு மூலைகளில் மெதுவாக ஓட்டுங்கள். இரண்டு பச்சைப் புள்ளிகள் மின்னினால் அங்கே ஒரு பூனை இருக்கிறது. இடுப்பருகே பிடித்தால் அந்த ஒளி உங்கள் கண்ணுக்குத் திரும்பாது.

உங்கள் வாசலுக்குப் புதிதாக ஒரு பூனை வந்து போனால், உடனே எடுத்துக்கொள்ள வேண்டாம், அது பக்கத்துத் தெருப் பூனையாகவே இருக்கலாம். இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு காகிதத் துண்டு வெட்டி, "இது உங்கள் பூனையா? அழையுங்கள்" என்று எழுதி எண்ணைப் போட்டு, இரண்டு விரல் நுழையும் தளர்வில் கழுத்தில் சுற்றி, காகிதத்தோடு காகிதம் மட்டும் ஒட்டும்படி சின்னத் துண்டு டேப் போடுங்கள். டேப்பை முழுதும் சுற்றிவிட்டால் எங்கேயாவது சிக்கும்போது கிழியாது, பூனைக்கு உயிராபத்து. மறுநாள் காகிதம் இல்லாமல் வந்தால் யாரோ கழற்றியிருக்கலாம், தானே கிழிந்தும் இருக்கலாம், இன்னொன்று போட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று நாளில் யாரும் அழைக்காவிட்டால் ஸ்கேனருக்குக் கொண்டு போங்கள். ஒரு காதின் நுனி நேர்கோடாக வெட்டப்பட்டிருந்தால் அது கருத்தடை செய்து விடப்பட்ட தெருப் பூனை, அதன் இடத்தை விட்டுத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

வாசல்திண்ணை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வேற இடத்துல, நீங்க சொன்ன மாதிரியே கால் வரைக்கும் பார்க்கச் சொன்னேன். இடது முன்னங்கால் முழங்கைக்குக் கொஞ்சம் மேல 15 இலக்கம் வந்துச்சு! பதிவேட்டுலயும் இருக்கு. ஆனா அதுல உள்ள தொலைபேசி எண் உபயோகத்துல இல்ல. இனி?

நாலுகால்

நல்ல செய்தி, பாதித் தூரம் வந்துவிட்டீர்கள். செயலற்றுப்போன எண் மிகச் சாதாரணம். அமெரிக்கக் காப்பகங்களில் சிப்போடு வந்த விலங்குகளைப் பற்றி 2009-ல் வெளியான ஆய்வில், உரியவர் கிடைக்காமல் போனதற்கு முதல் காரணமே தவறான அல்லது துண்டிக்கப்பட்ட தொலைபேசி எண்தான், 35.4 சதவீதம். ஆனாலும் சிப் இருந்த நாய்களில் 52.2 சதவீதம் வீடு திரும்பின, தெருவிலிருந்து வந்த நாய்கள் மொத்தத்தில் அது 21.9.

பதிவேட்டில் இரண்டாவது தொடர்பு எண், மின்னஞ்சல், முகவரி இருக்கிறதா என்று கேளுங்கள். தனிப்பட்ட விவரத்தை உங்களிடம் தர மாட்டார்கள், அது சரியே. உங்கள் எண்ணை அவர்களிடம் கொடுத்து, அவர்களையே குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் கடிதமும் அனுப்பச் சொல்லுங்கள். வீடு மாறியிருந்தாலும் அந்த முகவரியின் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஏதாவது தெரிந்திருக்கும். அதற்கும் பதில் இல்லையென்றால் தயாரிப்பாளரை அழைத்து, இந்த எண் எந்த மருத்துவமனைக்கு விற்கப்பட்டது என்று கேட்கச் சொல்லுங்கள். சிப் கட்டுக்கட்டாகப் போவதால் பலரிடம் அந்தக் கணக்கு இருக்கும். சிப் போட்ட மருத்துவமனையின் ஏட்டில் அடுத்த தடுப்பூசிக்கு வந்தபோது கொடுத்த புது எண் இருக்க வாய்ப்பு அதிகம். எல்லாரிடமும் சிப் எண்ணைச் சொல்லி, தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். போஸ்டரை எடுத்துவிடாதீர்கள், ஆனால் சிப் எண்ணை அதில் போட வேண்டாம், வருகிறவரிடம் ஒப்பிட அது உங்கள் கையில் இருக்கட்டும்.

ஒப்படைக்கும் நாளில், பகல் நேரம், ஆள் நடமாட்டம் உள்ள இடம், முடிந்தால் மருத்துவமனையிலேயே. அவர் முன்னால் ஒரு தடவை ஸ்கேன் செய்து எண்ணைச் சரிபாருங்கள். அங்கேயே அவர் கைபேசியில் பதிவேட்டைத் திறந்து புது எண்ணைப் போடச் சொல்லுங்கள், வீட்டுக்குப் போய்ச் செய்கிறேன் என்பார், விடாதீர்கள். அவர் கொண்டுவந்த பட்டையை மாட்டிக் கயிறு கோத்த பிறகு உங்கள் கயிற்றைக் கழற்றுங்கள்.